புதிய மலையில் முதல் நாள்



நமது குசினி ஜன்னலில் தொங்கும் திரைச்சீலையைக் கழுவுவதற்கும், கிழிந்தால் தைப்பதற்கும்தான் நாம் கையில் எடுப்போம். "அந்தத் துணியால் ஒரு சிறகு செய்யலாம், மனிதன் அதில் தொங்கிக்கொண்டு பறக்கலாம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுவோம். ஆனால், 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் ஒரு வீட்டிலே அதற்கான தொடக்கம் உண்மையாகவே நடந்தது.

பிரான்சிஸ் ரொகாலோ என்பவர் விமான ஆராய்ச்சித் துறையில் பணியாற்றிய பொறியியலாளர். மரமோ உலோகமோ இல்லாமல், வெறும் துணியைக் கொண்டே ஒரு சிறகு அமைக்க முடியுமா என்பது அவருடைய கேள்வி. ஓய்வு நேரத்தில், வீட்டிலே ஒரு பெரிய மின்விசிறியை வைத்துக் காற்று வீசச் செய்து பரிசோதித்தார். அவருடைய மனைவி கேர்ட்ரூட், சமையலறைத் திரைச்சீலைத் துணியை எடுத்து அந்தச் சிறகைத் தைத்துக் கொடுத்தார். அது பறந்தது. 1951இல் கிடைத்த கண்டுபிடிப்பு உரிமைப் பத்திரத்தில் கணவன், மனைவி இருவருடைய பெயர்களும் இடம்பெற்றன.

அதன்பின் 1963இல், அவுஸ்திரேலியாவின் கிராப்டன் என்ற சிற்றூரில் ஜோன் டிக்கென்சன் என்பவர் அந்தச் சிறகின் கீழே ஒரு முக்கோணச் சட்டத்தைப் பொருத்தினார். வாழைக்குலைகளை மூடும் பிளாஸ்டிக் தாள்தான் அவருடைய முதல் சிறகுக்குத் துணி! சட்டத்தைப் பிடித்தபடி ஊஞ்சலில் ஆடுவதைப் போல உடலை இடமும் வலமும் நகர்த்தினால் சிறகு அந்தப் பக்கம் திரும்பியது. இவ்வாறு உருவானதுதான் இன்று ஹேங் கிளைடர் என்று அழைக்கப்படும் தொங்கு சிறகு.

இதற்கு இயந்திரம் இல்லை. அலுமினியக் குழாய்களும், உறுதியான துணியும், உருக்குக் கம்பிகளுமே உண்டு. எடை சுமார் 30 கிலோ. பறப்பவர் ஒரு பட்டிக்குள் குப்புறப் படுத்தவாறு தொங்குவார். மலைச்சரிவில் சிறகைத் தூக்கிக்கொண்டு காற்றை எதிர்த்து ஓடினால், சில அடிகளிலேயே கால் தரையை விட்டு எழும்பிவிடும்.

இந்த மாதம் நாம் பேசப்போவது பறக்கும் திறமையைப் பற்றியல்ல. நன்றாகப் பறக்கத் தெரிந்த ஒருவர், தமக்குப் பழக்கமில்லாத ஒரு மலைக்குப் போனால் என்ன நடக்கின்றது என்பதைப் பற்றித்தான்.

பாலைவனத்துப் பள்ளத்தாக்கு

கலிபோர்னியாவில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து வடக்கே 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்தால் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு வரும். மேற்கே சியெரா நெவாடா மலைத்தொடர். அதிலுள்ள விட்னி மலையின் உயரம் 4,421 மீற்றர். கிழக்கே இன்யோ மலைகளும் வெள்ளை மலைகளும். நடுவே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரத்தில் காய்ந்த, ஒடுங்கிய நிலம். 1913இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கால்வாய் அமைத்து இங்குள்ள ஆற்று நீரைக் கொண்டு சென்றது. அதன் பின்னர் பள்ளத்தாக்கின் தெற்கிலிருந்த ஏரி வற்றி உப்புப் படுகையாகிவிட்டது.

தொங்கு சிறகுகளில் பறப்போர் மத்தியில் இந்தப் பள்ளத்தாக்குப் பெரும் புகழ் பெற்றது. 1991இல் காரி காஸில் என்ற பெண்மணி இங்கிருந்து புறப்பட்டு 335 கிலோமீற்றர் தூரம் பறந்து, அந்நாளில் பெண்களுக்கான உலக சாதனையைப் படைத்தார். 1993இல் உலகச் சம்பியன் போட்டியும் இங்கேதான் நடந்தது. அதேவேளை, இவ்விடத்தின் காற்று முரட்டுக் காற்று என்பதையும் அவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

இங்கே முதன்முறையாக வரும் ஒரு சகோதரியைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் இங்கிலாந்தைச் சேர்ந்தவர். பச்சைப் புல் மூடிய தாழ்வான குன்றுகளில், கடற்காற்றில் பத்து வருடங்களாகப் பறந்து பழகியவர். சொந்த ஊரில் அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர். இரண்டு வார விடுமுறை, சேர்த்து வைத்த பணம், நீண்ட விமானப் பயணம் எல்லாம் இதற்காகவே. வந்திறங்கியதும் மலையைப் பார்க்கின்றார். கால் பரபரக்கின்றது.

சோதனை இங்கேதான் ஆரம்பமாகின்றது. பத்து வருட அனுபவம் அவருடைய கைகளுக்கு உண்டு. ஆனால், இந்த மலையை அவர் இன்றுதான் பார்க்கின்றார். மலைக்கும் அவரைத் தெரியாது.

முதலில் இறங்கும் இடம்

விபரம் தெரிந்தவர்கள் புதிய இடத்துக்குப் போனால் முதலில் மலையுச்சிக்கு ஏறமாட்டார்கள். கீழே இறங்கும் மைதானத்தைத்தான் போய்ப் பார்ப்பார்கள். வாகனத்தை நிறுத்தி, நடந்து பார்ப்பார்கள். மேலேயிருந்து பார்த்தால் சமதரையாகத் தெரியும் இடத்தில், கிட்டப் போனால் இடுப்பளவுப் புதர்களும் கற்களும் இருக்கும். மின்சாரக் கம்பிகள் மேலேயிருந்து கண்ணுக்குப் படுவதே இல்லை. அதனால், கம்பியைத் தேடாமல் மின்கம்பங்களைத் தேட வேண்டும் என்பது இவர்கள் மத்தியில் ஒரு பாடம்.

அடுத்ததாக, அவ்வூரில் பறப்பவர்களிடம் கேட்க வேண்டும். இங்கே காலையில் காற்று எப்படி? எத்தனை மணிக்கு மாறும்? எந்தக் கணவாயைக் கடக்கக் கூடாது? பாதையே இல்லாத பகுதி எது? இந்தக் கேள்விகளுக்கு விடை அந்த மண்ணில் பல வருடங்கள் நின்றவர்களிடந்தான் உண்டு. கூச்சப்படாமல் கேட்பவர், மற்றவர் பல வருடங்களில் பட்டுத் தெரிந்ததை ஒரு மாலைப் பொழுதிலேயே அறிந்துகொள்கின்றார்.

ஓவன்ஸில் அவருக்குச் சொல்லப்படும் பாடம் இப்படி இருக்கும்: காலை வெயில் சியெராவின் கிழக்குச் சரிவில் விழுகின்றது. எனவே அங்கிருந்து முற்பகலில் புறப்பட வேண்டும். நண்பகலுக்குப் பின் வெயில் எதிர்ப்புற மலைகளுக்கு மாறிவிடும். அதற்குள் பள்ளத்தாக்கைக் கடந்து அந்தப் பக்கம் சேர வேண்டும். பிற்பகலில் பள்ளத்தாக்கு நெடுகிலும் பலமான காற்று வீசும். அந்நேரத்தில் ஒடுங்கிய இடங்களில் இறங்க முயலக் கூடாது.

காற்று எவ்வாறு தூக்குகின்றது?

கஞ்சி கொதிக்கும் பானையைப் பாருங்கள். அடியில் சூடேறிய பகுதி குமிழியாக மேலே வருகின்றது. வெயிலில் காய்ந்த பாறையும் மணலும் அடுப்பைப் போன்றவை. அவற்றின் மேலுள்ள காற்று சூடாகி, இலேசாகி, தூண் போல மேலெழும்புகின்றது. பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டு உயர்வது இந்தத் தூணுக்குள்தான். தொங்கு சிறகும் அப்படியே வட்டமிட்டு உயர்கின்றது. ஏறுகின்றோமா இறங்குகின்றோமா என்பதை ஒலியெழுப்பிச் சொல்லும் சிறு கருவியொன்று பறப்பவருக்குத் துணை நிற்கும்.

இங்கிலாந்துக் குன்றில் இது மெல்லிய கொதி. ஓவன்ஸில் கோடை காலத்தில் பொங்கி வழியும் கொதி. செக்கனுக்கு 5 மீற்றர், சில வேளைகளில் அதைவிட வேகமாகவும் சிறகு மேலே தள்ளப்படும். தூணுக்கு வெளியே அதே வேகத்தில் காற்று கீழிறங்கும். இரண்டுக்கும் இடையில் சிறகு பலமாக உலுக்கப்படும். 5,000 மீற்றரைத் தாண்டுவதும் இங்கே புதுமையல்ல. அவ்வுயரத்தில் மூச்சுக்கு ஒட்சிசன் போத்தல் வேண்டும். கீழே 38 பாகை வெப்பம் கொதிக்கும் நாளிலும் மேலே உறைபனிக் குளிர். அதனால், வெயிலில் வியர்க்க வியர்க்கக் குளிர்கால உடுப்போடு நின்றுதான் புறப்பட வேண்டும். மலையுச்சியில் காற்று ஐதாக இருப்பதனால், சொந்த ஊரில் ஓடியதைவிட வேகமாக ஓடினால்தான் சிறகு தூக்கும். பழைய பழக்கத்தில் ஓடினால் போதாது.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தொன்றும் உண்டு. கிழக்கு மாகாணத்துச் சகோதரிகளுக்குக் கச்சான் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கீழிறங்கும்போது உலர்ந்து, சூடாகி அவர்களுடைய முற்றத்துக்கு வருகின்றது. மலையின் ஒருபக்கக் காற்று மறுபக்கத்தில் வேறு குணம் கொள்கின்றது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சியெராவிலும் மேற்கிலிருந்து பலமான காற்று மலையைத் தாண்டி வரும் நாட்கள் உண்டு. ஆற்றிலே பெரிய கல்லுக்குப் பின்னால் தண்ணீர் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் மலைக்குப் பின்னால் காற்றுச் சுழல்கின்றது. அந்தச் சுழலில் அகப்பட்ட சிறகு குப்புறக் கவிழலாம், முறியவும் கூடும். கீழே நிற்பவருக்கோ வானம் நீலமாகவும், இலைகள் அசையாமலும் தெரியும். ஊரவர் மாத்திரமே, "இன்று மேலே மேற்குக் காற்று, ஏற வேண்டாம்" என்பார்கள்.

ஒரு கொளுக்கியின் கதை

புறப்படும் இடத்தில் இன்னுமொரு விடயம் உண்டு. கேட்பதற்குச் சிறியது, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. பறப்பவரின் பட்டியைச் சிறகோடு இணைப்பது ஒரேயொரு கொளுக்கிதான். அதை மாட்ட மறந்து ஓடியவர்கள் இருக்கின்றார்கள். கைகளால் மட்டும் சட்டத்தைப் பிடித்துத் தொங்கி, விழுந்து இறந்தவர்களும் இருக்கின்றார்கள். அவர்களில் நல்ல அனுபவசாலிகளும் அடங்குவர்.

இது எப்படி நேர்கின்றது? புதிய இடம், புதிய முகங்கள், யாரோ ஒருவர் கூப்பிடுகின்றார். கையுறையை எடுக்க மறந்துவிட்டோமே என்று கொளுக்கியைக் கழற்றிவிட்டுப் போகின்றார். திரும்பி வரும்போது காற்று நன்றாக வீசுகின்றது. பின்னால் நிற்பவர்கள் காத்திருக்கின்றார்கள். முன்பே மாட்டியாகிவிட்டது என்ற நினைப்பில் ஓடிவிடுகின்றார். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திகைக்கும் நமக்கு இந்த மறதி புரியாததல்ல. நாம் வீடு திரும்பிப் பார்க்கலாம். அவர் திரும்ப முடியாது.

ஆகவே இவர்கள் ஒரு வழக்கத்தைக் கைக்கொள்கின்றார்கள். ஓடுவதற்குச் சற்று முன், துணைக்கு நிற்பவர் சிறகின் முனையைப் பிடித்துக்கொள்வார். பறப்பவர் தரையிலேயே படுத்துத் தொங்கிப் பார்ப்பார். பட்டி தாங்கினால்தான் எழுந்து ஓடுவார். எத்தனை ஆயிரம் தடவை பறந்திருந்தாலும் இதுதான் முறை. பிறர் ஒருவர் தம்மைச் சரிபார்ப்பதை அவர்கள் அவமானமாகக் கருதுவதில்லை.

மேகம் இழுத்த பெண்

அனுபவம் மட்டும் போதாது என்பதற்கு அவுஸ்திரேலியாவின் மனில்லா என்ற ஊரில் நடந்த சம்பவமொன்று சாட்சி. 2007ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி, உலகச் சம்பியன் போட்டிக்கு முன்னதாகப் பல நாட்டவர்கள் அங்கே பறந்துகொண்டிருந்தனர். அவர்கள் பயன்படுத்தியது பராகிளைடர். அது தொங்கு சிறகின் உறவுமுறைதான். சட்டமில்லாமல் பரசூட் போன்ற துணியாலானது. போலந்தில் பிறந்து ஜேர்மனி நாட்டு அணிக்காகப் பறந்த எவா விஷ்னியெர்ஸ்கா என்ற பெண்மணியும் அவர்களில் ஒருவர். உலகத் தரத்தில் முன்னணி வீராங்கனை அவர்.

இடிமேகங்கள் வேகமாக வளர்ந்தன. அவற்றைச் சுற்றிக் கடந்துவிடலாம் என்று அவர் எண்ணினார். மேகங்கள் இணைந்து அவரை உள்ளே இழுத்துக்கொண்டன. அவர் கீழிறங்க முயன்றும் பயனில்லை. 9,946 மீற்றர் உயரத்துக்கு அவர் தூக்கிச் செல்லப்பட்டார். எவரெஸ்ட் சிகரத்தையும்விட ஆயிரம் மீற்றருக்கு மேலே! ஒட்சிசன் போதாமல் மயக்கமடைந்தார். உடலில் பனிக்கட்டி படிந்தது. 40 நிமிடங்களுக்கும் மேலாக நினைவின்றி இருந்தார். பின்னர் சிறகு தானாகவே கீழிறங்கத் தொடங்க, நினைவு திரும்பித் தரையிறங்கினார். காதுகளும் கால்களும் பனிக்குளிரால் பாதிக்கப்பட்டிருந்தன. ஆனால் உயிர் தப்பினார். அதே புயலில் சிக்கிய சீன நாட்டு வீரர் ஒருவர் உயிர் தப்பவில்லை.

அந்த இருவருமே திறமைசாலிகள்தாம். புயல் திறமையைப் பார்த்து ஆளைத் தெரிவு செய்யவில்லை. மேகம் சிறிதாக இருக்கும்போதே தரையிறங்குவது ஒன்றுதான் பாதுகாப்பு.

குர்துபாவின் பாடம்

இறங்குவதைப் பற்றிப் பேசும்போது நம்முடைய ஒரு முன்னோடியை நினைக்காதிருக்க முடியாது. 9ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு பிர்னாஸ், முதிய வயதில் இறகுகளைப் பொருத்திய சிறகுகளோடு உயரத்திலிருந்து பாய்ந்து சிறிது தூரம் பறந்தார் என்று, 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல் மக்கரி எழுதியிருக்கின்றார். இறங்கும்போது அவருடைய முதுகு காயமடைந்தது. பறவைகள் இறங்குவதற்கு வாலைப் பயன்படுத்துகின்றன. தமக்கும் ஒரு வால் வேண்டும் என்பதை அவர் கவனிக்கவில்லை என்பதே அந்நூலாசிரியர் கூறும் காரணம். 2011இல் குர்துபாவில், குவாதல்கிவிர் ஆற்றின் மேல் திறக்கப்பட்ட பாலமொன்று இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றது. அந்த ஆற்றின் பெயரே 'வாதி அல்-கபீர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இன்றைய தொங்கு சிறகுகளில் பெரும்பாலானவற்றுக்கும் வால் இல்லை. பின்னோக்கிச் சாய்ந்த சிறகின் அமைப்பே வாலின் வேலையைச் செய்கின்றது. தரை நெருங்கியதும் பறப்பவர் காற்றை எதிர்த்துத் திரும்பி, சரியான கணத்தில் சட்டத்தை முன்னே தள்ளுவார். சிறகின் மூக்கு உயரும், வேகம் குறைந்து நிற்கும், கால் மண்ணைத் தொடும். ஒரு கணம் முந்தினால் மேலே எழும்பி விழ நேரிடும். பிந்தினால் மூக்குக் குத்தும். எழும்புவதற்குத் துணிவு போதும். இறங்குவதற்குத்தான் கணக்கு வேண்டும்.

வீதியால் திரும்பியவர்

இனி நம் இங்கிலாந்துச் சகோதரியிடம் வருவோம். முதல் நாள் காலை. சுமார் 2,700 மீற்றர் உயரத்திலுள்ள புறப்படும் இடம் வரை வாகனம் ஏறிவிட்டது. சிறகை விரித்து, கம்பிகளை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு ஆணியாகச் சரிபார்த்தாயிற்று. அப்போது அவ்வூரவர் ஒருவர் மலை முகட்டைப் பார்த்துவிட்டுத் தம் சிறகைச் சுருட்டத் தொடங்குகின்றார். "மேலே மேற்குக் காற்று" என்று மட்டும் சொல்கின்றார்.

இவருக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. வானம் தெளிவு. செலவழித்த பணமும், குறைந்துகொண்டு வரும் விடுமுறை நாட்களும், ஊரிலுள்ளவர்கள் கேட்கப்போகும் கேள்விகளும் மனதில் வருகின்றன. இந்தக் கணத்தில்தான் பலர் தவறு செய்கின்றார்கள். அவரோ கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கட்டிய கம்பிகளை மீண்டும் அவிழ்க்கின்றார். சிறகை வாகனத்தின் கூரையில் ஏற்றி, வந்த வீதியாலேயே கீழிறங்குகின்றார்.

பறப்பவர்கள் வானத்தில் இருக்கும்போது, கீழே தூசி படிந்த வீதியில் ஒருவர் வாகனத்தோடு பின்தொடர்ந்து வருவதுண்டு. பெரும்பாலும் அது மனைவியாகவோ, கணவராகவோ, நண்பராகவோ இருக்கும். தண்ணீரும் சாப்பாடும் அவரிடந்தான். வானொலிக் கருவியில் குரல் வரும்வரை அவருக்கு நிம்மதி இல்லை. அவருடைய பெயர் எந்தச் சாதனைப் பட்டியலிலும் வருவதில்லை. அன்றைய தினம் அந்த மனிதருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவர் அதற்காகக் கவலைப்பட்டிருக்கமாட்டார்.

மலையில் பறப்பது நம்மில் பலருக்கு வாய்க்கப்போவதில்லை. ஆயினும், புதிய இடம் என்பது எல்லோருக்கும் வரும். திருமணமாகிப் புகும் வீடு, பிள்ளை சேரும் புதிய பாடசாலை, குடும்பத்தில் ஒருவர் வேலைக்குப் போகும் தூர தேசம், எல்லாமே பழக்கமில்லாத மலைகள்தாம். அங்கே முதல் நாளிலேயே திறமையைக் காட்ட வேண்டும் என்று யாரும் நம்மை வற்புறுத்துவதில்லை. நாமேதான் நம்மை வற்புறுத்துகின்றோம். இறங்கும் இடத்தை முதலில் பார்ப்பதும், அங்குள்ளவர்களிடம் கேட்பதும், கொளுக்கியைப் பிறர் சரிபார்க்க இடம் கொடுப்பதும், வேண்டிய நாளில் சிறகைச் சுருட்டி வீதியால் திரும்புவதும் கோழைத்தனமல்ல. மறுநாளும் பறப்பதற்கு நாம் இருக்க வேண்டுமல்லவா?

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.